அவனைக் கவனித்துக்கொள்

ஜனவரி 12

முரடனுக்கு,

உன் பல்வலி விட்டதா? வயிற்றுக்குச் சரியாகச் சாப்பிடுகிறாயா? என் உடம்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

மச்சான் இறந்துவிட்டார் என்று உன்னிடம் யாராவது ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள். அவர் இறக்கவில்லை. அடித்துக் கொல்லப்பட்டார். கட்டடத்தின் மூன்றாவது மாடியில், காலை பத்தரை மணிக்கு, எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது. அடித்தவனும் உன் மச்சானைப் போலக் கம்பி கட்டுகிறவன்தான். பதினோரு மாதம் ஒரே தளத்தில் எதிரெதிரே குனிந்து வேலை பார்த்தவர்கள். ஏதோ பேச்சு வந்திருக்கிறது. அவன் எழுந்து கைக்குக் கிடைத்த கம்பியால் மூன்று தடவை மண்டையில் அடித்திருக்கிறான். முதல் அடியிலேயே இவர் விழுந்துவிட்டாராம். மற்ற இரண்டும் விழுந்து கிடந்தவரை அடித்தது. அந்த இரண்டு அடிதான் என்னைப் பைத்தியமாக்குகிறது.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூட்டைகளில் அவரைக் கிடத்தியிருந்த கட்டிலின் எண் போட்ட மூட்டையும் இருந்தது. மேற்பார்வைக்காரி, "நீ தொடாத, நான் மிஷின்ல போட்டுடறேன்" என்றாள். நான் விடவில்லை. தொட்டியில் பச்சைத் தண்ணீர் பிடித்துக் கையாலேயே அலசினேன். ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது, கறை துணியோடு வெந்து ஒட்டிக்கொள்ளும். பதினான்கு வருடமாக எல்லோருடைய ரத்தத்தையும் அலசியிருக்கிறேன். அன்றைக்கு என் வீட்டு ரத்தம். ஏழு தண்ணீர் மாற்றினேன்.

இப்போது முக்கியமான செய்தி. வழக்கு முடியும்வரை அவனை உன் சிறையில்தான் வைக்கப்போகிறார்கள். புது இடம், அவனுக்கு அங்கே யாரையும் தெரியாது. நீ இருக்கிறாய். அவனைக் கவனித்துக்கொள். அன்றைக்கு நம் தெருமுனை சைக்கிள் கடைக்காரரைக் கவனித்தாயே, அதில் ஒரு குறையும் இல்லாமல் கவனித்துக்கொள்.

இப்படிக்கு,
அக்கா

ஜனவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தர் என்னைக் கைவிடவில்லை, நலமாக இருக்கிறேன். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்து முத்திரை குத்தப்போகும் எழுத்தர் ஐயாவுக்கும் என் வணக்கம்.

மச்சானின் அடக்கத்துக்கு வர அனுமதி கேட்டேன். கிடைத்தது, அடக்கம் முடிந்த மறுநாள். அன்று சுவரில் கையைக் குத்தி இரண்டு விரல் முட்டியை உடைத்துக்கொண்டேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

உன் கடிதத்தில் முதல் வரியைக் காணோம். ஐந்து வருடமாக நீ எழுதிய எல்லாக் கடிதமும் "கர்த்தர் கிருபையாய் நடத்துகிறார், நலமே" என்றுதான் ஆரம்பிக்கும். சளிக் காய்ச்சலில் படுத்துக்கொண்டு எழுதினாலும் அதே வரிதான். நான் அதைப் படிக்காமலே தாண்டிப் போவேன். இந்தத் தடவை அது இல்லாத இடத்தில் கண் முட்டிக்கொண்டு நின்றது.

அவன் வந்துவிட்டான். நான்காவது கொட்டடியில் போட்டிருக்கிறார்கள். கம்பி கட்டினவன் கம்பி எண்ண வந்துவிட்டான் என்று கேலி பண்ணி, அவனுக்குக் கம்பி என்றே பேர் வைத்துவிட்டார்கள். இன்னும் நேரில் பார்க்கவில்லை. எனக்கு இப்போது வேலை சிறை ஆஸ்பத்திரியில். எட்டுக் கட்டில், ஒரு கம்பவுண்டர், எடுபிடிக்கு நான். கட்டு மாற்றுவது, மலச்சட்டி எடுப்பது, செத்தவர்களைக் குளிப்பாட்டுவது எல்லாம் என் இலாகா.

எப்போதும்போல உன் கடிதத்தின் கடைசி வரிகளை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுக்கும்போது எழுத்தர் ஐயா கேட்டார்.

"யாருப்பா அது, அக்கா கவனிச்சுக்கச் சொல்றாங்க?"

"வீட்டோட சம்பந்தப்பட்ட ஆளு ஐயா."

"இந்தக் காலத்துல இப்படி ஒரு அக்காவா. கொடுத்துவச்சவன்யா நீ."

கவனித்துக்கொள்கிறேன் அக்கா. நீ சாப்பிடு.

உன் முரடன்

பிப்ரவரி 9

முரடனுக்கு,

நலமா என்று நீ கேட்கவும் வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம்.

போதகர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், உனக்குத் தெரியும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"கஷ்டம்தாம்மா. ஆனா நாம வாங்கின கிருபையை நாம இன்னொருத்தருக்குக்..."

"ஐயா, போயிடுங்க."

"நான் இப்பவே மன்னிக்கணும்னு சொல்ல வரலம்மா..."

கையில் அவர் குடித்துவிட்டுக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர் இருந்தது. வீசிவிட்டேன். நெற்றியில் விளிம்பு பட்டுப் பிளந்துவிட்டது. மூன்று தையல். வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். என்ன செய்தேன் தெரியுமா? சட்டையைக் கழற்றச் சொல்லிப் பச்சைத் தண்ணீரில் அலசிக் கொடுத்தேன். பழக்கதோஷம். அவர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். நிலைவாசலில் இடித்துக்கொண்டேன் என்று சபையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். ஒரு போதகர் இப்படிப் பொய் சொல்லலாமா?

நான் ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அங்கே போய்ப் பாட வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வருகிறது.

சலவைக்கூடத்தில் விரிப்புகளை அழுத்தும் நீராவி இயந்திரம் ஒன்று இருக்கிறது. மூடியைத் தூக்கினால் வாயைப் பிளந்த மாதிரி இருக்கும். அவன் கையை அதில் வைத்து மூடியை இறக்குவதாக ஒரு நாளைக்கு இருபது தடவை நினைக்கிறேன். முதலில் வலது கை, அப்புறம் இடது. நினைத்து முடித்ததும் பசிக்கிறது.

அவன் எப்படி இருக்கிறான் என்று எழுது. ஒன்றையும் மிச்சம் வைக்காமல் எழுது.

அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் தயவில் சுகம். கை முட்டி கூடிவிட்டது. எழுத்தர் ஐயாவுக்கு வணக்கம். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது.

நீ கேட்டபடி எழுதுகிறேன். இந்த மாதம் பதினான்காம் தேதி, மத்தியானம், குளிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் அது நடந்தது. அவனுக்கு மூன்று விலா எலும்பு முறிவு. இடது கண் உள்ளே போய்க் கிடக்கிறது, பார்வை திரும்புமா என்று தெரியவில்லை. தொட்டி விளிம்பில் மோதித் தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. டாக்டர் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார். ஊருக்கெல்லாம் கம்பி கட்டினவன் வாயைக் கம்பியால் கட்டியிருக்கிறது. ஸ்ட்ரா வைத்துச் சூப் குடிக்கிறான். பேச முடியாது. ஏதாவது வேண்டும் என்றால் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறான். கையெழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கிறது.

அவனை எங்கள் ஆஸ்பத்திரியில்தான் போட்டிருக்கிறார்கள், மூன்றாம் எண் கட்டிலில். காலையும் மாலையும் என் கையில்தான் இருக்கிறான். நீ சொன்னபடி கவனித்துக்கொள்கிறேன்.

முதல் வரியை எப்போது எழுதப்போகிறாய்?

உன் முரடன்

மார்ச் 5

என் ராசா,

நன்றாக இருப்பாய். உன் கடிதத்தைப் பதினோரு தடவை படித்தேன். மத்தியானம் கூடத்தில் எல்லோரும் சாப்பிடும்போது விரிப்பு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். அப்புறம் இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். இரண்டு மாதத்துக்கு அப்புறம் நாக்கில் உப்புத் தெரிந்தது.

தாடையை உடைத்தாயா! அதேதான், சைக்கிள் கடைக்காரருக்கு உடைத்த அதே இடம்தான். உன் கை உனக்குச் சொந்தமில்லை, என்னுடையது என்று அம்மா இருக்கும்போது சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொள்.

ஆனால் வேலையைப் பாதியில் விடாதே. உனக்குப் புரியும்.

அக்டோபரில் உனக்கு விடுதலை. இது அதைத் தள்ளிப்போடும் என்று தெரியும். எத்தனை வருடம் தள்ளும் என்றும் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்தேதான் கேட்கிறேன். இப்படிப்பட்ட அக்கா எனக்கு வாய்த்தாளே என்று நினைக்காதே. வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். இடது கை கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, மடித்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீ சுகமாக இருக்க முழங்கால் போட்டுக் கேட்கிறேன். பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. எட்டுத் தடவை எழுதிக் கிழித்தேன்.

அக்கா, அவனை அடித்தது நான் இல்லை. குழாயில் முதலில் தண்ணீர் பிடித்தான் என்பதற்காக நான்காவது கொட்டடி ஆட்கள் அடித்தது. அதை அன்றைக்கே எழுதியிருக்கவேண்டும். நீ சந்தோஷப்படட்டும் என்று பட்டும் படாமலும் எழுதினேன். அது பொய்தான். நீ சாப்பிட்டேன் என்று எழுதியதைப் படித்த அன்று என் தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவன் ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள் கம்பவுண்டர் மருந்து வாங்க வெளியே போனார். எட்டுக் கட்டிலும் நானும் மட்டும். கதவு சாத்தியிருந்தது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மூன்றாம் கட்டிலுக்குப் போனேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். தலையையும் தாடையையும் சேர்த்துச் சுற்றிய கட்டுக்குக் கீழே கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், குத்தத்தான் போனேன். முதல் குத்து மச்சானுக்கு, மற்ற இரண்டும் உனக்கு என்று கணக்கும் போட்டு வைத்திருந்தேன். கத்தரிக்கோலின் நுனி தோலில் பட்டது. கண் விழித்தான். ஒரு கண்தான் திறந்தது. நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. கட்டு மாற்ற வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான். எனக்கு வாகாக இருக்கட்டும் என்று, அந்த வலியிலும் முகத்தை மெல்ல மேலே தூக்கிக் கழுத்தை நீட்டிக் கொடுத்தான்.

நான் கட்டை வெட்டினேன். வேறு என்ன செய்வது? வெட்டி, சீழைத் துடைத்து, புதுக் கட்டுப் போட்டேன். கட்டு கோணலாகிவிட்டது என்று கம்பவுண்டர் திட்டினார்.

அடுத்த வாரம் நான் யார் என்று அவனிடம் சொன்னேன். படுக்கையை நனைத்துவிட்டான். விரிப்பையும் நான்தான் மாற்றினேன்.

அக்கா, கவனித்துக்கொள் என்று எழுதினாய். அந்த வார்த்தையை இரண்டு விதமாகவும் படிக்க எனக்குத் தெரியும். வாழ்நாளில் பாதிக்கு மேல் ஒரு விதமாக மட்டும்தான் படித்திருக்கிறேன். இன்னொரு விதத்தை யார் சொல்லிக் கொடுத்தது? நான் சைக்கிள் கடைக்காரரின் தாடையை உடைத்துவிட்டு இங்கே வந்தபோது, அவர் வீட்டு வாசலில் போய் நின்றது யார்? அவர் பெண்டாட்டி உன் முகத்தில் காறித் துப்பினாளாமே. துடைத்துக்கொண்டு மறுநாளும் போனாயாமே. இரண்டு மாதம் சூப் வைத்து ஸ்ட்ராவில் புகட்டினாயாமே. மூன்றாம் வருடம் அந்த மனிதர் என்னைப் பார்க்க வந்து, கோணல் வாயோடு உட்கார்ந்து, ஒரு ஆரஞ்சுப்பழத்தை உரித்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் நான் ஜெபிக்க முழங்கால் போட்டேன். அது நீ ஆரம்பித்தது. நான் இங்கே அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன், உன் அளவுக்கு நன்றாக இல்லை.

உன் முரடன்

மே 2

உனக்கு,

அவன் மூத்திரம் துடைத்த கையால் எனக்கு எழுதாதே.

மன்னிக்க நீ யார்? உன் மண்டையா பிளந்தது? உன் கட்டிலா காலியாகக் கிடக்கிறது? அடுத்தவள் தாலிக்கு நீ தாராளம் காட்டுகிறாயா? சைக்கிள் கடைக்காரரைப் பற்றி என்னிடமே சொல்கிறாய். அவர் உயிரோடு இருந்தார், அதனால் சூப் வைத்தேன். என் புருஷனுக்கு யார் ஸ்ட்ரா வைப்பது?

ஸ்வெட்டரை எரித்துவிடு. அவனுக்குப் போர்த்தினாய் என்று கேள்விப்பட்டால் அங்கேயே வந்து உன்னையும் சேர்த்துக் கொளுத்துவேன்.

உன்னால் முடியாது என்றால் முடிகிறவர்கள் இல்லாமல் போகவில்லை.

மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ?

நீ என்னைத் திட்டியதில் ஒன்றும் தப்பில்லை. நான் ஏதோ பரிசுத்தவான் ஆகிவிட்டேன் என்று நினைத்து நீ கோபப்படக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்று அவன் விலாக் கட்டை மாற்றும்போது, முறிந்த இடத்தில் முழங்கையை வைத்து என் முழு எடையோடும் அழுத்தினேன். தாடை சரியாகக் கூடாமல் வாயை மறுபடியும் கட்டியிருப்பதால் கத்த முடியாமல் மூக்கால் அலறினான். எனக்கு இனித்தது. இன்னும் ஒரு தடவை அழுத்தினேன். பக்கத்துக் கட்டில் கிழவர், "டேய், நீயுமா?" என்றார். அதற்கப்புறம் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அக்கா, அடிப்பதைவிட அது கஷ்டம்.

அன்று மச்சான் என்ன சொன்னார் என்று அவன் காகிதத்தில் எழுதிக் காட்டினான். அதை நான் உனக்கு எழுதமாட்டேன். அவன் செய்ததற்கு அது ஒரு காலும் நியாயம் ஆகாது. அவனே அப்படித்தான் எழுதியிருந்தான். காகிதத்தை மென்று விழுங்கிவிட்டேன்.

உனக்கு ஒரு கடிதம் எழுதட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"முடிகிறவர்கள்" என்று எழுதியிருந்தாய். யார் அக்கா அது? தயவுசெய்து எழுது. எழுத்தர் ஐயாவும் அந்த வரியை இரண்டு தடவை படித்தார் போல, விரல் ஈரம் பட்டு மை கலைந்திருந்தது.

உன் முரடன்

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன்னிடமிருந்து பதில் வரவில்லை. திட்டியாவது எழுது.

முரடன்

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுகிறார். யார் என்று கடைசியில் சொல்கிறேன், இப்போதே சொன்னால் கிழித்துப் போட்டுவிடுவாய்.

ஜூன் இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் மூன்று பேர் ஆஸ்பத்திரிக்குள் வந்தார்கள். ஒருவன் கம்பவுண்டரைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தான். மற்ற இரண்டு பேர் கையிலும் தரையில் தேய்த்துக் கூராக்கிய கரண்டிக் காம்பு. நேராக மூன்றாம் கட்டிலுக்குத்தான் வந்தார்கள். எனக்கு யோசிக்க நேரமே இல்லை. நேரம் இருந்திருந்தால் ஒதுங்கியிருப்பேனோ என்னவோ. கட்டில் மேல் குறுக்கே விழுந்தேன். முதல் குத்து வயிற்றில். அடுத்ததைக் கையால் பிடித்தேன், அதை அவன் உருவினான். வலது கையில் மூன்று விரலும் அவற்றை ஆட்டுகிற நரம்பும் போய்விட்டன. உன் சொத்து என்று சொல்வாயே, அந்தக் கைதான். இனிமேல் சுவரைக் குத்தவும் ஆகாது. என் பல்லுக்கும் வேலை இருந்தது, ஒருவன் காது பாதி என் வாயில் வந்துவிட்டது. ஆண்டவர் அதைக் கண்டுகொள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.

கட்டிலில் இருந்தவருக்குத் தோளில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

சிறை அதிகாரி வந்து கேட்டார். "யார் அனுப்பிச்சாங்கன்னு ஏதாவது சொன்னானுங்களா?" அவர்கள் சொன்னார்கள். நான் தெரியாது என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியாது என்றால் தெரியாதுதான் அக்கா. நீ அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எழுதுகிறவர் யார் என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். எட்டுக் கட்டிலில் ஒழுங்காக எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

உன் முரடன்

அம்மா, இதற்குக் கீழே இருப்பது நானாக எழுதுவது. அவர் கண் மூடியிருக்கிறார். உங்களுக்கு எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் அவர் நலம் என்று எழுதச் சொன்னது பொய். காய்ச்சல் எட்டு நாளாக இறங்கவில்லை. வயிற்றுக் காயத்தில் சீழ் வைத்துவிட்டது. இரண்டாவது தடவையும் கத்தி வைத்தார்கள். மயக்கத்தில் உங்களைத்தான் கூப்பிடுகிறார். குத்தியவர்கள் சொன்னது என் காதிலும் விழுந்தது. என்னையும் கேட்டார்கள். எனக்கும் தெரியாது என்றுதான் சொன்னேன்.

ஜூலை 14

என் தம்பிக்கு,

கர்த்தர் கிருபையாய் நடத்துகிறார். நலமே என்று எழுத என் கை வரவில்லை. பாதி வரிதான் இன்றைக்கு முடிகிறது, வைத்துக்கொள்.

அனுப்பியது நான்தான். நீ தெரியாது என்று சொன்னாலும் அது நான்தான். உன் மச்சானோடு வேலை பார்த்த மேஸ்திரியின் அண்ணன் மகன் அங்கே நான்காவது கொட்டடியில் இருக்கிறான். மேஸ்திரி வீட்டுக்குப் போய், "அவனைக் கவனிச்சுடச் சொல்லுங்க" என்று சொன்னேன். வேறு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதே வார்த்தைதான். உன் காதில் அது ஒரு விதமாக விழுந்தது, அவர்கள் காதில் நான் நினைத்த விதமாகவே விழுந்தது. நடுவில் நீ போய் விழுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லையே. உன்னை எனக்கு இவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

கடிதத்தைக் கூடத்தில்தான் பிரித்தேன். படித்துவிட்டு நீராவி இயந்திரத்தின் மூடியைத் தூக்கி என் வலது கையை உள்ளே வைத்தேன். மேற்பார்வைக்காரி பார்த்துவிட்டாள். தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். உதடு கிழிந்துவிட்டது. கையில் கொப்புளம் மட்டும்தான். அப்புறம் அவளே அழுதாள்.

போதகர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியில் அந்தத் தழும்பு இருக்கிறது. எனக்குத் தண்ணீர் கொடுத்தார், டம்ளரில். கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். அவர் நிலைவாசல் என்றார், நீ தெரியாது என்றாய், அவனும் தெரியாது என்கிறான். எனக்காக எத்தனை பேர் பொய் சொல்வீர்கள்? போதும்.

எழுத்தர் ஐயா, இத்தனை வருடம் எங்கள் கடிதங்களைப் படித்திருக்கிறீர்கள். ஜனவரியில் நான் எழுதிய வரியை நல்ல அக்காவின் வரி என்று நினைத்து முத்திரை குத்தினீர்கள். அது கொலை செய்யச் சொன்ன வரி. மேலே நான் எழுதியிருப்பதைக் குறித்துக்கொண்டு, கொடுக்கவேண்டிய இடத்தில் கொடுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன். பெட்டியும் கட்டி வைத்திருக்கிறேன். ஒன்றே ஒன்று, கடிதத்தை மட்டும் முதலில் தம்பிக்குப் படித்துக் காட்டிவிடுங்கள்.

தம்பி, நீ பிழைத்துக்கொள். உன் கையில் எத்தனை விரல் மிச்சம் இருந்தாலும் அது என்னுடையது.

இனி மூன்றாம் கட்டிலில் இருப்பவருக்கு.

உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது. எனக்கு அது எரிச்சலாக இருக்கிறது. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், வரவில்லை, வராததை எழுதமாட்டேன். அவர் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்று என்னால் ஊகிக்க முடியும். பத்தொன்பது வருடம் அந்த வாயோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன். அதற்காக மூன்று அடி அடிப்பீர்களா? முதல் அடியோடு நிறுத்தியிருக்கக்கூடாதா? இதை ஒரு நாள் நேரில் கேட்பேன். நீங்கள் பதில் சொல்லவேண்டும்.

இப்போது நான் உள்ளே போகப்போகிறேன். இனி அவன் பக்கத்தில் நான் இருக்க முடியாது. கம்பவுண்டருக்கு எட்டுக் கட்டில். உங்களுக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கின்றன.

சீழைத் துடைக்கும்போது கொதித்து ஆறிய தண்ணீரைத் தொட்டுக்கொள்ளுங்கள். சூப்பைச் சூடாகக் கொடுத்துவிடாதீர்கள், அவனுக்கு நாக்கு சுட்டால் கெட்ட கோபம் வரும். விரிப்பில் ரத்தம் பட்டால் வெந்நீர் ஊற்றக்கூடாது, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், நிறம் போகும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். காய்ச்சலில் உளறினால் அக்கா வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

என் தம்பியைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா